காணாமல் போன விரிசல்

காலை 9.40. அருங்காட்சியகக் கூடத்தில் களவு போயிருந்தது ஒரு விரிசல்.

சுடாத களிமண்ணில் தன் முகத்தையே வடித்து வைத்திருந்தாள் ஒரு சிற்பி. காயட்டும், விரியட்டும், உதிரட்டும், அதுதான் படைப்பு என்றாள். அன்னியர் யாராவது ஒட்டிச் சரிசெய்தால் அது தன்னுடையதல்ல, கரைத்துவிட வேண்டும் என்பது அவள் நிபந்தனை. போன வருடம் அவள் இறந்துபோனாள். அவள் கணவர் வாராவாரம் வந்து அந்த முகத்தின் எதிரே உட்கார்ந்துவிட்டுப் போவார். இன்றும் வந்திருந்தார். இடக் கன்னத்து விரிசலைக் காணோம்.

அருங்காட்சியகப் பராமரிப்பு அதிகாரி குனிந்தாள். ஊழியர்கள் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. கன்னத்தில் ஒரு கோடு மட்டும் கருத்து ஈரமாக இருந்தது. பீடத்தடியில் நேற்று கிடந்த உதிரி மண் இல்லை. காவலரின் நாற்காலிக்குக் கீழே காலித் தண்ணீர் பாட்டில் ஒன்று.

"கரைச்சிட வேண்டியதுதான்," என்றார் இயக்குநர்.

கணவர் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுங்க சார்," என்றாள் பூதக்கண்ணாடி.

முதலில் எலக்ட்ரீஷியன்.

"காலைல உள்ள வந்தீங்களா?"

"வந்தேன். பல்ப மாத்தினேன். மூஞ்சிய மாத்தல மேடம்."

"கையக் காட்டுங்க."

பத்து விரலிலும் கிரீஸ். கன்னத்தில் கறை இல்லை. போகச் சொன்னாள்.

அடுத்து காவலர்.

"வேற யாராவது கிட்ட போனாங்களா அண்ணே?"

"ஒரு ஈ, காக்கா வரல. நான்தான் பாத்துக்கிட்டேன்."

தலையாட்டிவிட்டு நகர்ந்தவள் பாதியில் நின்றாள்.

"அண்ணே, 'பாத்துக்கிட்டு இருந்தேன்'னு நீங்க சொல்லலையே?"

காவலர் தொப்பியைக் கழற்றினார். நகக்கண்ணில் மண்.

அவள் இயக்குநர் பக்கம் திரும்பினாள். "அவர் அப்பவே ஒத்துக்கிட்டார் சார். கவனிச்சுக்கிட்டேன்னுதான் சொன்னார். நம்ம காதுதான் காவல் காத்தேன்னு எடுத்துக்கிச்சு. உதிர்ந்த மண்ண பாட்டில் தண்ணில குழைச்சுப் பூசியிருக்கார்."

"நான் பொய் சொல்லல மேடம். கண்காட்சி திறந்த அன்னிக்கு இத செஞ்ச பொண்ணு என் கையப் புடிச்சு, 'அண்ணே, நீங்கதான் இத பாத்துக்கணும்'னுச்சு. கன்னம் விழுந்துரும் போல இருந்துச்சு. மனசு கேக்கல."

"நிபந்தனைன்னு ஒண்ணு இருக்கே," என்றார் இயக்குநர்.

கணவர் முதன்முறையாக வாய் திறந்தார். "நான் பக்கத்துலதான் நின்னேன். அப்படித்தான் சொன்னா. அவளே பொறுப்ப ஒப்படைச்சவர் எப்படி சார் அன்னியராவார்?"



"காஞ்ச மண்ணுல ஈர மண்ணு நிக்காது," என்றாள் பூதக்கண்ணாடி. "காஞ்சா தானா விரியும். கரைக்கிற பேச்ச விடுங்க."

மாலை 4.10. கன்னத்தில் மயிரிழை போல ஒரு கோடு திரும்பியிருந்தது.

"மறுபடி விரிஞ்சிருச்சே தம்பி," என்றார் காவலர்.

கணவர் அந்த மண் படிந்த கையைப் பிடித்துக்கொண்டார்.

"விரியட்டும்ணே. இன்னிக்கு ஒரு நாள் அவளப் பாத்துக்க ஆள் இருந்துச்சு. ரொம்ப நன்றிண்ணே."

காவலர் இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"இனிமே பாத்துக்கிட்டு மட்டும் இருக்கேன்," என்றார்.