ஜன்னலில் முறைக்கும் அப்பா

அழைக்காத இடத்தில் கால் வைப்பதில்லை. சிட்டுவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த மானம் அது. வெளிநாட்டுக்குக் குடிவந்த பிறகும் அப்பா அதை விடவில்லை.

அப்பாவின் அலுவலகம் கடலுக்கு அப்பால் இருந்தது. மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து கணினியிலேயே வேலை பார்ப்பார். குடிவந்து ஒரு மழைக்காலமே போய்விட்டது. தெருவில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருவோடு கயிறு இழுக்கும் போட்டி நடக்கவிருந்தது. வீடு வீடாக ஆள் சேர்த்தவர்கள் இவர்கள் வாசலை மட்டும் தாண்டிப் போனார்கள்.

"காலேஜ்ல கயிறு இழுக்கறதுல உங்கப்பாவை அடிச்சுக்க ஆள் கிடையாது" என்று பெருமூச்சு விட்டாள் அம்மா.

"நாமளே போய்ச் சேர்ந்துக்கலாம்ப்பா" என்றாள் சிட்டு.

"கூப்பிடாத இடத்துக்கா? நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கம் இல்லை."

மறுநாள் சிட்டுவின் சைக்கிள் செயின் கழன்றது. எதிரிலிருந்த சைக்கிள் கடைக்காரர் அதை மாட்டிக்கொண்டே கேட்டார். பள்ளியில் அந்த ஊர் மொழியைக் கற்றிருந்ததால் அவளுக்குப் புரிந்தது.

"உங்கப்பாவுக்கு எங்க மேல என்னம்மா கோபம்?"

"கோபமா?"

"நீயே பாரு."

அவர் ஜன்னலை நோக்கிக் கைதூக்கி வணக்கம் சொன்னார். மேலே அப்பா புருவத்தை நெரித்தார், தலையை ஆட்டினார், 'போ, போ' என்று கையை வீசினார்.

கீழிருந்து பார்த்தால் கணினி தெரியவில்லை. மீசைதான் தெரிந்தது. சிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அவர் உங்களைப் பார்க்கவே இல்லை மாமா. கம்ப்யூட்டர்ல மேனேஜர்கிட்ட முடியாதுன்னு சொல்றார்."

"தினமுமா?"

"தினமும்தான். அந்த மேனேஜர் அப்படி."

சிட்டு கொஞ்சம் யோசித்தாள். "நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு டீ குடிக்க வாங்க மாமா. தெருவையே கூட்டிட்டு வாங்க."

வீட்டில் அப்பா திகைத்தார். "யாரைக் கேட்டு அழைச்சே?"

"கூப்பிடாத இடத்துக்குப் போகக் கூடாதுன்னுதானேப்பா சொன்னீங்க? நாம கூப்பிடக் கூடாதுன்னு சொல்லலையே."

அப்பா முதுகை நிமிர்த்திக்கொண்டார். "வீடு தேடி வர்றவங்களுக்கு வெறும் டீயா? நம்ம குடும்ப மானம் என்ன ஆகறது? பையை எடு, கடைக்குப் போலாம்."

மறுநாள் மாலை நாற்காலி போதாமல் பாதித் தெரு தரையில் உட்கார்ந்தது. சைக்கிள் கடைக்காரர் அப்பாவின் இடத்தில் அமர்ந்து, அவரைப் போலவே முறைத்துத் தலையாட்டிக் காட்டினார். அதிகம் சிரித்தது அப்பாதான்.

கிளம்பும்போது கடைக்காரர் அப்பாவின் புஜத்தை அழுத்திப் பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமை கயிறு நுனியில நீங்கதான் நிக்கணும்."

"கூப்பிட்டாச்சுப்பா" என்றாள் சிட்டு.

போட்டியன்று கயிறு எதிர்ப்பக்கம் நழுவிக்கொண்டே போனது. அப்பாவின் குதிகால் மண்ணைக் கீறியது.

"அப்பா, மேனேஜரை நினைச்சுக்கோங்க" என்று கத்தினாள் சிட்டு.

அப்பாவின் புருவம் நெரிந்தது. முடியாது, முடியாது என்று தலை ஆடியது. ஒரே இழுப்பு. பக்கத்துத் தெரு மொத்தமும் மண்ணைக் கவ்வியது. சிட்டுவின் தெரு அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை கடைக்காரர் வழக்கம்போலக் கைதூக்கினார். அப்பா மேனேஜரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, ஜன்னலை அகலத் திறந்தார்.