வெள்ளைப் புள்ளி இல்லாத சைக்கிள்

அந்த சைக்கிள் கடையில் ஒரு சட்டம் இருந்தது. ஸ்பேனரால் நட்டை முறுக்கி முடித்ததும் அதன் மேல் சாக்பீஸால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இல்லாத சைக்கிள் கடை வாசலைத் தாண்டக் கூடாது. ராஜாவே வந்து கேட்டாலும் கூடாது.

சட்டம் போட்டவர் அம்மா. அந்தக் கடைக்கு முதலாளி, மெக்கானிக், காற்றடிப்பவர் எல்லாம் அவரேதான். தினமும் காலையில் ஸ்பேனர்களை வரிசையாக மாட்டிவிட்டு, கிரீஸ் படிந்த மேசையில் கைவைத்துக் கண்ணை மூடுவார்.

"ஆண்டவரே, இன்னிக்கு இங்கேருந்து போற ஒவ்வொரு வண்டியும் பத்திரமா வீடு போய்ச் சேரணும்."

அவ்வளவுதான் ஜெபம். அதற்கு "ஆமென்" சொல்வது மகளின் வேலை.

மகளுக்குப் பதினோரு வயது. தெருவில் எல்லோரும் அவளைக் 'கட்டெறும்பு' என்பார்கள். ஆள் சின்னது, கையெல்லாம் கறுப்பு, பிடித்தால் விடமாட்டாள். போன மாதம்தான் அம்மா அவளுக்கென்று ஒரு சின்ன ஸ்பேனர் கொடுத்திருந்தார். கூடவே ஒரு மிரட்டலும்.

"ஒரு தடவை முறுக்காம விட்டேன்னு வை, இது பெட்டிக்குள்ள போயிடும். ஒரு மாசம் தொட முடியாது."

கட்டெறும்பு அந்த ஸ்பேனரைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று சனிக்கிழமை. அம்மா டியூப் வாங்கப் போயிருந்தார். மணி நாலு இருக்கும், போதகர் வேகவேகமாக வந்தார்.

"என்னம்மா கட்டெறும்பு, என் வண்டி ரெடியா?"

"ரெடிங்க ஐயா!"

முன்பக்க பிரேக்குக்குப் புது ஒயர் போட்டவள் அவள்தான். மணியைக்கூடத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள். போதகர் பையைப் பின்னால் வைத்துவிட்டு வண்டியைத் தள்ளினார். அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. பிரேக் ஒயரை இறுக்கிப் பிடிக்கும் நட்டு. அதன்மேல் புள்ளி இல்லை.

அந்த வண்டிக்குச் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்.

ஒயரை மாட்டினாள். நட்டை விரலால் திருகி வைத்தாள். சரியாக அந்த நேரத்தில் இரண்டு பொடிசுகள் பந்துக்குக் காற்றடிக்க வந்து, யார் பிடிப்பது என்று அடித்துக்கொண்டார்கள். அவர்களை விலக்கிவிட்டு வந்த பிறகு ஸ்பேனரால் முறுக்கினாளா, இல்லையா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

ஒரே ஓட்டமாக ஓடி முன்சக்கரத்தைக் கட்டிக்கொண்டாள்.

"நில்லுங்க ஐயா! புள்ளி இல்ல!"

"என்ன புள்ளி?"

அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். போதகர் பிரேக்கை லேசாக அழுத்திப் பார்த்தார்.

"நல்லாத்தானேம்மா பிடிக்குது? நாலரைக்குக் கூட்டம். கீழே ஆத்தங்கரைக் கூடத்துல எழுபது பேர் காத்துக்கிட்டிருக்காங்க. நான் ஆண்டவரோட வேலைக்குப் போறேன், விடு."

"இதுவும் அவர் வேலைதான். விட மாட்டேன்."

எதிர்க்கடை சாவிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயா, மாட்டிக்கிட்டீங்களா? அது கடிச்சா லேசுல விடாது! ஏ கட்டெறும்பு, ஒரு புள்ளியை வெச்சு அனுப்பிடேன். உங்கம்மாவுக்கா தெரியப்போகுது?"

சாக்பீஸ் அவள் பையிலேயே இருந்தது. ஒரு புள்ளி வைத்தால் போதும். போதகர் போய்விடுவார். ஸ்பேனரும் பெட்டிக்குள் போகாது. அவள் கை பைப் பக்கம் போகவும் செய்தது. அதை மறைப்பானேன்?

ஆனால் கடை வாசலிலிருந்து அந்தத் தெரு சறுக்குமரம் போலக் கீழே இறங்கியது. அடியில் லாரிகள் திரும்பிக்கொண்டிருந்தன.

"முடியாது மாமா. காலையில ஆமென் சொன்னது நான்தானே?"

"அடம் பிடிக்காதேம்மா!" போதகரின் குரல் உயர்ந்தது. "இன்னிக்கு எதைப் பத்திப் பேசப்போறேன் தெரியுமா? சின்ன வேலையா இருந்தாலும் உண்மையா செய்யறதைப் பத்தி!"

"அப்ப உங்களுக்கே தெரியுமே!"

சாவிக்காரர் கையிலிருந்த அரம் கீழே விழுந்தது.

"இயேசப்பாவும் தச்சுவேலை செஞ்சவர்தானே ஐயா? யாரோ அவசரப்படுத்தினாங்கன்னு கால் ஆடுற நாற்காலியைக் குடுத்து அனுப்பியிருப்பாரா? நம்ம பிரசங்க பீடம் மாதிரி?"

போதகரின் காது சிவந்தது. ஆலயத்துப் பிரசங்க பீடம் பல வருடமாக ஆடுகிறது. ஒரு காலுக்கடியில் காகிதம் மடித்து வைத்திருப்பார்கள். அவர் ஆவேசமாகப் பேசிப் பீடத்தைத் தட்டும்போதெல்லாம் அதுவும் 'டக்கு டக்கு' என்று பதில் சொல்லும்.

"ஒரே ஒரு தடவை, இறக்கத்துல பிடிக்கிற மாதிரி பலமா பிடிங்க ஐயா. நின்னா நானே வழி விடறேன்."

போதகர் கோபத்தோடு பிடித்தார்.

சரக்! நட்டுக்குள்ளிருந்து ஒயர் உருவிக்கொண்டு வந்தது. பிரேக் பிடி தொளதொளவென்று தொங்கியது.

போதகர் கையிலிருந்த பிடியைப் பார்த்தார். இறக்கத்தைப் பார்த்தார். லாரிகளைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஸ்டாண்டு போட்டார்.

"தப்பு என்னுதுங்க ஐயா. நான்தான் முறுக்கல." கட்டெறும்பு தலை குனியவில்லை.

"சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"எட்டு நிமிஷம். அவசரப்படுத்தினா பதினாறு."

போதகர் சிரித்துவிட்டார். அங்கிருந்த எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கடைசிப் புள்ளி வரைக்கும் காத்திருந்துதான் போனார்.

அம்மா திரும்பி வந்து பையைக் கீழே வைப்பதற்குள் கட்டெறும்பு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அம்மா கையை நீட்டினார். சின்ன ஸ்பேனர் பெட்டிக்குள் போனது. 'டங்' என்று ஒரு சத்தம்.

கட்டெறும்புக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் சும்மா இருந்துவிடுவாளா?

"சரிம்மா. ஆனா சாக்பீஸும் பெட்டிக்குள்ள போகும்னு நீங்க சொல்லவே இல்லையே. அது என்கிட்டதான் இருக்கும். இந்த மாசம் பூரா நீங்க முறுக்கறதை நான் இழுத்துப் பார்த்துட்டுத்தான் புள்ளி வைப்பேன்."

"ஓஹோ! என் வேலையை நீ சோதிச்சுப் பார்ப்பியா?"

"போதகரையே விடல. உங்களை விட்டுடுவேனா?"

அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு காற்றடிக்கும் பம்பைத் துடைக்க ஆரம்பித்தார். அவர் தோள் மட்டும் குலுங்கியது. சிரிப்புதான்.

மறுநாள் ஞாயிறு ஆராதனை. கட்டெறும்பு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பிரசங்க பீடத்துக்கு அடியில் காகிதத்தைக் காணோம்! நாலு காலிலும் புது நட்டு மின்னியது. மூன்றில் வெள்ளைப் புள்ளி இருந்தது. நாலாவதில் இல்லை.

போதகர் பேச வாயைத் திறந்தார். கட்டெறும்பு எழுந்து நின்றாள். அம்மா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தும் அவள் உட்காரவில்லை.

போதகர் அவளைப் பார்த்தார். அங்கியின் பைக்குள் கைவிட்டு ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டினார்.

"நீ எழுந்திருப்பேன்னு தெரியும். அது உனக்குன்னுதான் விட்டு வெச்சேன். வாம்மா."

கட்டெறும்பு விறுவிறுவென்று மேடை ஏறினாள். நாலாவது காலைப் பிடித்துப் பலம் கொண்ட மட்டும் ஆட்டிப் பார்த்தாள். அசையவே இல்லை. குனிந்து, நட்டின் மேல் ஒரு புள்ளி வைத்தாள்.

"இப்ப பேசுங்க ஐயா," என்றாள்.