சூலோவைக் கூப்பிட்டவர்கள்

பள்ளிக்கூடம் விடும் நேரம்தான் ஆகியிருந்தது. ஆனால் நவம்பர் கடைசியில் வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையில் பகல் என்பது பெயருக்குத்தான். நானும் என் சிநேகிதி லீனாவும் வீக்கோ ரவுத்தியோ என்ற கிழவரின் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது, காரின் விளக்கு எட்டிய இடத்தோடு உலகம் முடிந்திருந்தது. அதற்கு அப்பால் அலை கூழாங்கற்களை அரைத்து அரைத்து இழுத்துப் போகும் சத்தம் மட்டும்.

"நீயே பேசு, ஜோயல். எனக்கு வாய் வராது" என்றாள் லீனா.

"புத்தகம் எழுதினது நீ. மன்னிப்பு கேக்கறது நானா?"

"கூட்டம் சேத்தது நீதானேடா!"

அதுவும் உண்மைதான். லீனா ஒரு விளையாட்டை எழுதிச் சொந்தச் செலவில் அச்சடித்திருந்தாள். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு வேடத்தில் பேசிப் பேசியே கதை வளர்க்கிற விளையாட்டு. எல்லாரும் ஒரு கலங்கரை விளக்கின் காவலர்கள். ஆட்டம் முடிந்ததும் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஏரியில் மூழ்கிப்போன ஒரு மாலுமியை ஒரே குரலில் கூப்பிட வேண்டும்: "சூலோ ரவுத்தியோ, கரைக்கு வா!" பிறகு ஒரு தீக்குச்சி எரிந்து முடியும்வரை யாரும் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது.

புத்தகங்கள் விற்கவில்லை. அவள் கட்டிலுக்கடியிலேயே கிடந்தன. அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் இணையத்தில் ஒரு குழு தொடங்கினேன். முதலில் வந்தவள் மார்லிஸ், கனடாவில் வின்னிபெக் நகரத்தில் நர்ஸ். புதிதாக யார் எட்டிப் பார்த்தாலும் பேர் ஊர் விசாரித்து, விதிகளைச் சொல்லிக்கொடுத்து உட்கார வைத்துவிடுவாள். ஓக்லஹோமா லாரிக்காரர், நார்வேயில் ஒரு கணவன் மனைவி என்று ஆட்கள் பெருகினார்கள். அவரவர் வீட்டிலிருந்து கம்ப்யூட்டரில் முகம் பார்த்து ஆடினார்கள். இலை உதிரத் தொடங்கியபோது, எந்தச் சாயங்காலத்தை எடுத்தாலும் உலகத்தில் எங்காவது நாலு பேர் சூலோவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒரே ஒரு வரி எழுதினார்.

"என் தம்பி பேர் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

லீனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவளாக யோசித்து வைத்த பெயர் அது. அவள் சத்தியம் செய்யாவிட்டாலும் நான் நம்பியிருப்பேன். அவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுவோம், அடுத்த பதிப்பில் பெயரை எடுத்துவிடுவோம் என்றுதான் கிளம்பி வந்தோம்.

கதவைத் திறந்தவர் நெடுநெடுவென்று இருந்தார். மழமழவென்று சவரம் செய்த முகம். வீட்டுக்குள் ஈரக் கம்பளி வாடையும் காப்பி மணமும்.

"உக்காருங்க. கேஸ் கீஸெல்லாம் போடமாட்டேன்" என்று சிரித்தபடி ஏலக்காய் ரொட்டியை எங்கள் பக்கம் தள்ளினார். "சாப்பிடுங்க. நானே சுட்டது. அதனால கொஞ்சம் பல்லை நம்பித்தான் கடிக்கணும்."

பிறகு தம்பியைப் பற்றிச் சொன்னார். "பத்தொம்பது வயசு. இரும்புக்கல் ஏத்தற கப்பல்ல போனான். இதே மாதிரி ஒரு நவம்பர்ல புயல். கப்பல்ல இருந்த அத்தனை பேரும் போயிட்டாங்க. ஒரு தொப்பிகூட கரை ஒதுங்கல."

"அந்தப் பேரை எடுத்துடறோம், ஐயா" என்றாள் லீனா.

"எடுக்காதம்மா!"

அவர் கையிலிருந்த கோப்பை தட்டில் மோதியது.

"எங்கம்மா போனப்புறம் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட யாரிருக்கா? நான் ஒருத்தன். நீங்க ஒரு ஊரையே கூப்பிட வெச்சிருக்கீங்க. அவன் எழுந்துட்டான்மா." குரலைத் தாழ்த்தினார். "இருட்டினா கல்லு மேல நடக்கற சத்தம் கேக்குது. வாசப்படி வரைக்கும் வரான். அப்புறம் திரும்பிப் போயிடறான். பாவம், ஆளுக்கொரு பக்கம் நின்னு கூப்பிட்டா, எந்தக் கரைன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

குழுவில் மற்றவர்கள் எழுதியது நினைவுக்கு வந்தது. காலையில் எழுந்தால் வாசல் மிதியடி சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது என்று மார்லிஸ் எழுதியிருந்தாள். லாரியைச் சுற்றி யாரோ ஈர பூட்ஸோடு நடக்கிறார்கள் என்று ஓக்லஹோமாக்காரர் எழுதியிருந்தார். பேய்க்கதை நன்றாகக் கட்டுகிறார்கள் என்று நான்தான் கைதட்டினேன்.

"ஒரே ஒரு தடவை, எல்லாரையும் சேந்து கூப்பிடச் சொல்லுங்க. இந்த வீட்டுக்கு."

"வேணாம்டா" என்று லீனா மேசைக்கடியில் என் கையைக் கிள்ளினாள்.

நான் கிழவரின் முகத்தைப் பார்த்தேன். மடிக்கணினியைத் திறந்து விஷயத்தை எழுதினேன். "அண்ணன்தானே கேக்கறாரு, செய்வோம்" என்று மார்லிஸ் ஆட்களைத் திரட்டினாள். திரை முழுக்க முகங்கள். கிழவர் எழுந்து போய்த் தானே விளக்கை அணைத்தார்.

"சூலோ ரவுத்தியோ, உன் அண்ணன் வீட்டுக்கு வா!"

சத்தம் அடங்கியது.

அலைச் சத்தமும் நின்றுவிட்டது.

குறையவில்லை. நின்றுவிட்டது.

வெளியே ஒரு கல் புரண்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. வாசல் படி முனகியது. நீர் சொட்டும் சத்தம் கதவுக்கு நேர் வெளியே வந்து நின்றது.

கிழவர் கதவைத் திறந்தார்.

துருவும் ஆழத்துச் சேறும் கலந்த ஒரு வாடை முகத்தில் அடித்தது. என் கண்ணுக்கு யாரும் தெரியவில்லை. ஆனால் அவர் கை உயர்ந்து, ஒரு கன்னம் இருக்க வேண்டிய இடத்தைத் தடவியது. அவர் சட்டைக் கையிலிருந்து தண்ணீர் ஒழுகித் தரையில் விழுந்தது. சிரித்துச் சிரித்துப் பின்லாந்து மொழியில் என்னென்னவோ பேசினார்.

சட்டென்று சிரிப்பு நின்றது. அவர் பார்வை தம்பியைத் தாண்டி இருட்டுக்குள் போயிருந்தது. ஏதோ கேட்டார்.

"என்ன கேக்கறாரு?" என்றேன், அந்த மொழி தெரிந்த லீனாவிடம்.

"'இவங்கள்லாம் யாருடா?'ன்னு..."

கரை நெடுகக் கற்கள் புரளத் தொடங்கின. ஒரு ஜோடிக் கால் அல்ல.

கிழவர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டார். நான் கேட்காமலே லீனா மெல்லச் சொன்னாள். "கப்பல்ல கூட இருந்தவங்களாம். அவங்களைக் கூப்பிட யாருமே இல்லையாம்."

அவர் எங்கள் பக்கம் திரும்பினார். முகத்தில் பயம் இருந்தது. ஆனாலும் கதவைச் சாத்தவில்லை. "நீங்க பின்வாசல் வழியாப் போயிடுங்க. இடம் பத்தாது" என்றார்.

ஓடினோம். காரில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். சமையலறையில் விளக்கு எரிந்தது. கிழவர் பெரிய கெட்டிலோடு மேசையைச் சுற்றி வந்து, கோப்பை போதாமல் ஜாடிகளிலும் கிண்ணங்களிலும் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். நாற்காலிகள் காலியாக இருந்தன.

கிறிஸ்துமஸுக்கு அவரே போன் செய்தார். குரல் தெளிவாக, சந்தோஷமாக இருந்தது. "தம்பி நல்லாத் தூங்கறான். மத்தவங்க இங்க தங்கல. காப்பி குடிச்சாங்க, கிளம்பிட்டாங்க."

"எங்க?"

"உங்களைத் தேடித்தான். அத்தனை பேர் குரலையும் கேட்டாங்களே."

லீனா புதுப் பதிப்பில் கூப்பிடுகிற வரியையே எடுத்துவிட்டாள். விளக்கை அணைத்து, தீக்குச்சி எரிந்து முடியும்வரை பேசாமல் இருப்பது மட்டும் மிஞ்சியது. அதையும் எடுக்கக் குழுவில் யாருக்கும் மனம் வரவில்லை. யாரையும் கூப்பிடுவதில்லை என்று எல்லாரும் வாக்குக் கொடுத்தார்கள்.

புத்தாண்டு கழிந்து முதல் ஆட்டம். நான், லீனா, மார்லிஸ், நார்வேக்காரர்கள். யார் பேசுகிறார்களோ அவர்கள் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் ஒளிரும். ஆட்டம் முடிந்து குச்சியைக் கிழித்தேன். திரையில் ஒரு வளையமும் இல்லை.

"நான் லுட்விக்" என்றது ஒரு ஆண் குரல், தொண்டை கட்டியதுபோல. "கப்பல்ல அடுப்புக்குக் கரி அள்ளிப் போடறவன்."

எரிந்துகொண்டிருந்த குச்சி என் விரலைச் சுட்டது.

"என்னை யாரும் தேடல."

லீனா திரையைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள். நான் இணைப்பைத் துண்டிக்கக் கை நீட்டினேன். அதற்குள் மார்லிஸ், நோயாளியிடம் குனிவதுபோலக் குனிந்து கேட்டுவிட்டாள்.

"எங்கேப்பா இருக்கே?"

அவள் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் மறுபடி ஒளிர்ந்தது. அவள் உதடு மூடியிருந்தது.

"கதவு திறந்திருந்துச்சு" என்றது அந்தக் குரல், அவள் அறைக்குள்ளிருந்து.