சுத்தமான வெள்ளிக்கிழமை

அமைச்சர் தணிகாசலம் நினைவுக் காப்பகத்தின் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு விசாரணை ஆணையத்தில் ஆஜராக வேண்டும். அதற்குள் அவருக்கு எல்லாம் மறந்துபோக வேண்டும்.

அந்தக் காலத்து அரசியல்வாதிகள் பாவம், "நினைவில்லை" என்று பொய் சொல்லிச் சிரமப்பட்டார்கள். மெய்யறி என்ற கருவி வந்த பிறகு அது செல்லுபடியாகவில்லை. பொய் சொன்னால் சிவப்பு விளக்கு எரியும், உண்மை சொன்னால் பச்சை. உடனே நம் மக்கள் பிரதிநிதிகள் கட்சி வேறுபாடு பாராமல் கூடி, தங்களுக்கு ஒரு சலுகையைச் சட்டமாக்கிக்கொண்டார்கள். வாராவாரம் வெள்ளிக்கிழமை அவர்களுடைய மூளையின் முழு நகல் எடுக்கப்படும். அதன் பெயர் நொடிப்படி. பழைய நொடிப்படியைத் தலையில் ஏற்றினால், அதற்குப் பின் நடந்த எதுவும் நினைவில் இருக்காது. பக்கவாதம் வந்தால் மீள்வதற்காம். இதுவரை ஒருவருக்கும் பக்கவாதம் வரவில்லை, விசாரணைதான் வந்திருக்கிறது.

தணிகாசலத்துக்கு வந்தது எழில்நகர் விசாரணை. அவர் கையெழுத்துப் போட்டுக் கட்டிய குடிநீர்த் தொட்டி இடிந்து விழுந்து ஒன்பது பேர் செத்திருந்தார்கள்.

நினைவுக் காப்பகத்தில் கட்டளை எழுதுபவள் ஜெசிந்தா. படமோ பொத்தானோ இல்லாத கறுப்புத் திரையில் வரிவரியாகத் தட்டெழுத வேண்டிய வேலை. அவள் முதுகுக்குப் பின்னால் அமைச்சரின் உதவியாளர் குணசீலன் நின்றார்.

"எந்தத் தேதிக்குப் போகணும் சார்?"

"தேதியெல்லாம் எனக்கென்னம்மா தெரியும்? அண்ணன் எப்ப சுத்தமா இருந்தாரோ, அந்த வெள்ளிக்கிழமைக்குப் போ."

"அப்படின்னா ஒவ்வொரு படியையும் தலையில ஏத்தாமலே மெய்யறியை விட்டுக் கேக்கச் சொல்லணும். என்ன கேள்வி போடட்டும்? தொட்டி விஷயம் மட்டும் போதுமா?"

போதும் என்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார்கள். பதினான்கு மாதம் பின்னால் போயிருந்தாலே வேலை முடிந்திருக்கும். ஆனால் குணசீலன் தன்னைப் பெரிய சாமர்த்தியசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தவர்.

"வக்கீல் எதை வேணாலும் கிளறுவான். பொதுவாப் போடு. பதவியில இருந்துக்கிட்டு எப்பவாவது தப்பா ஏதாவது வாங்கினியான்னு கேளு."

"எவ்வளவு தூரம் போகலாம்னு ஒரு வரம்பு வைக்கட்டுமா?"

"எதுக்கு? கிடைக்கிற வரைக்கும் போகட்டும். கிடைச்சதும் யாரையும் கேக்காம ஏத்திடு. நான் சாப்பிட்டு வந்துடறேன்."

ஜெசிந்தா ஐந்து வரி எழுதினாள். கடைசிப் படியை எடு. கேள். கறை என்றால் முந்தைய படிக்குப் போ. சுத்தம் என்றால் ஏற்று. கிடைக்கும்வரை திரும்பச் செய். என்டரைத் தட்டினாள்.

கறை. கறை. கறை.

பத்து இருபது படியில் நின்றுவிடும் என்றுதான் அவள் நினைத்தாள். நிற்கவில்லை. வெள்ளத்தில் படகேறிப் போய்க் கண்ணீர் விட்டாரே, அந்த வாரம் கறை. பள்ளிப் பிள்ளைகளுக்கு நேர்மைப் பரிசு வழங்கிய வாரமும் கறை. இந்த ஆளுக்கு அவளும் ஒருமுறை ஓட்டுப் போட்டிருக்கிறாள்.

அறுநூற்றுப் பதினேழு கறைகளுக்குப் பிறகு திரை "சுத்தம்" என்றது. அதுதான் ஆக முதல் நொடிப்படி. கிட்டத்தட்ட பன்னிரண்டு வருடம் முன்னால், பைப் ஃபிட்டர் தணிகாசலம் வார்டு கவுன்சிலராக ஜெயித்த வாரம் எடுத்தது. அப்போது அவர் பதவியேற்க இன்னும் மூன்று நாள் இருந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். "டெஸ்ட் முடிஞ்சுதா தங்கச்சி? பஸ் ஸ்டாண்டுல பைப் உடைஞ்சு கிடக்கு, போகணும்." பிறகு குனிந்து பார்த்தார். "இதென்ன, இவ்வளவு பெரிய வயிறு?"

ஜெசிந்தா அறுநூற்றுப் பதினேழு கறைகளின் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் குணசீலன் வந்து அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஆணையத்தில் எல்லாம் அருமையாக நடந்தது. எதைக் கேட்டாலும் "தெரியாதுங்க" என்றார், பச்சை எரிந்தது. பின்வரிசையில் குணசீலன் தொடையைத் தட்டிக்கொண்டார். அப்போது தணிகாசலம் வழக்குக் கோப்பைக் கேட்டு வாங்கி, அதிலிருந்த படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"எட்டு எம்.எம். கம்பியா? இவ்வளவு பெரிய தொட்டிக்கா? இது நிக்காதுன்னு ஒரு பைப் ஃபிட்டருக்கே தெரியுமேங்க!"

செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஆறு வயதுப் பெண் ஒருத்தியின் பெயரை இரண்டு முறை வாசித்தார். "கையெழுத்து என்னுதுதான். இதைப் போட்டவனை விட்டுடாதீங்க" என்றார். அதற்கும் பச்சைதான் எரிந்தது. விசாரணை மறுநாள் காலைக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

ஐந்து மணிக்கு குணசீலன் அவரை மறுபடி காப்பகத்துக்கு இழுத்து வந்தார். "ஏம்மா, போன வெள்ளிக்கிழமையை ஏத்து! சீக்கிரம்!"

"அவரே சம்மதம் சொல்லணும் சார். மத்தியானம் தூங்கறதுக்கு முன்னாடி சொன்ன மாதிரி. இல்லேன்னா ஏறாது."

"சொல்ல மாட்டேன்" என்றார் தணிகாசலம்.

"அண்ணே, நான் உங்க குணசீலன்ணே!"

"நீ யாருன்னே எனக்குத் தெரியாதுப்பா."

"ஜெயிலுக்குப் போவீங்கண்ணே!"

"பயமாத்தான் இருக்கு." அவர் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். "செஞ்சவன் நான் இல்ல. ஆனா கையெழுத்துப் போட்டது இந்தக் கை. போறேன்." ஜெசிந்தாவிடம் திரும்பினார். "தங்கச்சி, அந்த அறுநூத்திப் பதினேழு படியும் யாருக்குச் சொந்தம்?"

"உங்களுக்குத்தான். உங்க அனுமதி இல்லாம ஆணையம்கூடத் தொட முடியாது."

"நான் அனுமதி தரேன். ஒவ்வொருத்தனா எழுப்பிக் கேளுங்க, கூட இருந்து வாங்கினவன் யாரு யாருன்னு. வர்ற பதிலை அப்படியே ஆணையத்துக்கு அனுப்பிடுங்க."

ஜெசிந்தா பழைய ஐந்து வரியில் கேள்வியை மாற்றினாள். ஏற்றும் வரியை எடுத்துவிட்டு அனுப்பும் வரியைப் போட்டாள். என்டர் தட்டியதும் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. அநேகமாக எல்லா வெள்ளிக்கிழமையிலும் குணசீலன் இருந்தார்.

"எனக்கும் ஏதாவது ஒரு பழைய படியை ஏத்தும்மா! எந்த வருஷம்னாலும் பரவாயில்ல!"

"உதவியாளர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது சார்" என்றாள் ஜெசிந்தா. "உங்களுக்குப் படியே எடுத்ததில்ல. காலையில எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கிட்டுதான் நீங்க மெய்யறி முன்னாடி உக்காரணும்."