கதவின் உட்பக்கம்

மழை பெய்த ஒரு மதியம், இடித்த பஞ்சாலையின் பழைய கதவு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. நான்கு பேர் முக்கி முனகித் தூக்கிவந்து, கூடத்தில் சுவரோரமாக இரும்புச் சட்டத்தில் நிறுத்திவிட்டுப் போனார்கள்.

பழம்பொருட்களைச் சுத்தம் செய்வது அவள் வேலை. தூரிகையால் தூசி தட்டிக்கொண்டே உட்பக்கம் வந்தவளின் கை அப்படியே நின்றது.

இடுப்பு உயரத்திலிருந்து அடிவரை நகக் கீறல்கள்.

பல வருடங்களுக்கு முன் அந்த ஆலையில் பிடித்த தீயில்தான் அவளுடைய பெரியம்மா செத்துப்போனாள். "அக்கா தீயில சாகல. பூட்டுல செத்தா" என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஊர் அதை விபத்து என்று சொல்லி மறந்துவிட்டது.

அருங்காட்சியக இயக்குநர் வந்து பார்த்தார். ஆலை முதலாளியின் பேரன் அவர்.

"இந்தப் பக்கம் சுவரைப் பாத்தபடியே இருக்கட்டும். 'நகரின் தொழில் பெருமை'ன்னு அட்டை வச்சா போதும்."

"சார், உள்ள பொம்பளைங்க இருக்கும்போது வெளிய பூட்டியிருக்காங்க. அதை எழுத வேண்டாமா?"

"பழசைக் கிளறி என்னம்மா ஆகப்போகுது? உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிடுங்க."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "என் கையால தேய்க்க மாட்டேன்."

"அப்ப நானே தேய்க்கிறேன்." உப்புத்தாளைப் பிடுங்கிக்கொண்டு, கதவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளிக்குள் நுழைந்தார்.

சர்... சர்... என்று மரம் தேயும் சத்தம்.

பிறகு அது நின்றது.

பஞ்சு கருகும் வாசனை வந்தது. முதலில் லேசாக. பிறகு தொண்டையை அடைக்கிற மாதிரி.

நான்கு பேர் தூக்கிய சட்டம், யாரும் தொடாமல், சுவரை நோக்கி நகர்ந்தது.

"ஏய்! யாரு தள்ளுறது?"

அவள் ஓடிப்போய்ச் சட்டத்தைப் பிடித்து இழுத்தாள். இரும்பு சுட்டது. உள்ளேயிருந்து தட்டல் கேட்டது. ஒரு கை அல்ல. பத்து, இருபது கைகள்.

"தொறங்க! மூச்சு முட்டுது! தொறங்க!"

அது அவருடைய குரல்தான். அதற்கு அடியில், பல பெண்கள் ஒன்றாகக் கிசுகிசுத்தார்கள்.

"பூட்டச் சொன்னது யாரு?"

கதவு இன்னும் நெருங்கியது.

"சொல்லிடுங்க சார்!" என்று அவள் கத்தினாள்.

"தாத்தா! எங்க தாத்தாதான்! வேலை முடியுறவரைக்கும் யாரும் வெளிய போகக்கூடாதுன்னு பூட்டச் சொன்னாரு! வீட்ல எல்லாருக்கும் தெரியும்!"

சட்டம் விலகியது. அவர் சரிந்து வெளியே விழுந்தார். விரல் நகங்கள் பிய்ந்து ரத்தம் வழிந்தது. அதன்பின் அவர் அந்தக் கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒரு வாரத்தில் வேலையையே விட்டுவிட்டார்.

கதவை அவள் திருப்பி நிறுத்தினாள். வெளியே பூட்டியது யார், உள்ளே இருந்தது யார் என்று அட்டையில் ஒளிவுமறைவில்லாமல் எழுதினாள். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் குனிந்து அந்தக் கீறல்களைப் பார்த்தார்கள். எல்லாம் அடங்கிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

திறப்பு முடிந்த மறுநாள் காலை, காவலாளி மாடியிலிருந்து கூப்பிட்டார். "அக்கா, இங்க மாட்டியிருக்கிற ஆலை முதலாளி படத்துல கரி. எவ்வளவு துடைச்சாலும் போக மாட்டேங்குது."

போய்ப் பார்த்தாள். கரி கண்ணாடியின் உள்பக்கம் இருந்தது. ஒரு பெண்ணின் உள்ளங்கை, முதலாளியின் வாயைப் பொத்தியபடி.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கழுத்தருகே இன்னொரு கை பதிந்தது.