நேராகத் தெரிந்தவள்

கதிரேசன் செய்த தொலைநோக்கியில் உலகமே தலைகீழாகத்தான் தெரியும். அதில் தப்பொன்றும் இல்லை. குழாயின் அடியில் குழிந்த கண்ணாடி வைத்துச் செய்கிற எல்லாத் தொலைநோக்கிக்கும் அதுதான் சுபாவம். திருநீர்மலைக் கோயில் விளக்குகள் வௌவால் மாதிரி தொங்கும், தண்ணீர்த் தொட்டி காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும், காக்கா மல்லாந்து பறக்கும். ஆகையால் அந்த வியாழக்கிழமை, விளக்கு வைத்து கொஞ்ச நேரத்தில், ஐபீஸ் லென்ஸில் கண்ணை வைத்தவனுக்கு ஒரு பெண் நேராக நிற்பது தெரிந்தபோது, அது முதலில் விபரீதமாகவே படவில்லை. மனிதர்கள் நேராகத்தானே நிற்பார்கள் என்று நினைத்து, கண்ணைத் துடைத்து, கழுத்தில் உட்கார்ந்த கொசுவை அடித்து, கையை லுங்கியில் தேய்த்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது.

இரும்புலியூரில் அந்தத் தெருவுக்கே கதிரேசன் என்றால் ஒரு மரியாதை. மறைமலை நகரில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகர். பிஸ்டனில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் கண்டுபிடித்துத் தள்ளிவிடுகிற கண். போன வருஷம் மொட்டை மாடியில் ஒரு தார் டிரம்மை நிறுத்தி, அதன்மேல் கனமான வட்டக் கண்ணாடி ஒன்றை வைத்து, நடுவில் சாணைத்தூளும் தண்ணீரும் போட்டு, இன்னொரு கண்ணாடியால் அதைத் தேய்க்க ஆரம்பித்தான். டிரம்மைச் சுற்றிச் சுற்றி நடந்து மாதக்கணக்கில் தேய்த்தான். கீழ் வீட்டுக்காரர்கள், "சார் இன்னும் மாவு ஆட்டி முடிக்கலியா?" என்று அவன் மனைவி ஜெயஸ்ரீயை விசாரித்தார்கள். கண்ணாடி பதமாகக் குழிந்து, அலுமினியப் பூச்சு ஏறி, பெரிய பிவிசி குழாய்க்குள் உட்கார்ந்து, தெருப் பிள்ளைகளுக்கு நிலாவில் இருக்கும் பள்ளத்தைக் காட்டிய மறுநாள், மாவு மாஸ்டர் 'சயின்டிஸ்ட் சார்' ஆகிவிட்டார். ஜெயஸ்ரீக்குக் கழுத்து ஓர் அங்குலம் நீண்டது. குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் அவளுடைய காலை வணக்கத்துக்கு முன்பைவிட நிறைய பேர் பூ போட்டார்கள்.

ஒரே ஒரு சமாசாரம்தான் யார் கண்ணிலும் படவில்லை. ஐபீஸைச் செருகும் இடத்தில் கதிரேசன் ஒரு விரல்கடை நீளத்துக்குக் குழாய்த் துண்டு ஒன்றைச் சேர்த்திருந்தான். வானத்தைப் பார்க்க அந்தத் துண்டு தேவையே இல்லை. அதை மாட்டினால் நட்சத்திரமெல்லாம் ஊறிப்போன அவல் மாதிரி வீங்கிவிடும். பக்கத்தில் இருப்பதைப் பார்க்கத்தான் அது உதவும். ஒரு காலி மனைக்கு அந்தப் பக்கம் இருப்பதை. எதிர்த்த வரிசையில், செல்லம்மா வீட்டு மாடி ஜன்னலை.

அந்த மாடியில் வாடகைக்குக் குடியிருந்தவள் பிளஸ்ஸி. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தனி ஆள். ஜன்னலுக்குத் திரை போடவில்லை. எதிரே காலி மனை, அதில் நாலு எருமை, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பாள். கதிரேசன் பார்த்தான். முதலில் சோதனைக்காக என்று சொல்லிக்கொண்டு பார்த்தான், அப்புறம் எதுவும் சொல்லிக்கொள்ளாமல் பார்த்தான். அவள் மேஜையில் உட்கார்ந்து தோசை தின்பாள், போனில் யாருடனோ சிரிப்பாள், டிவியில் பாட்டு வந்தால் தட்டோடு ரெண்டு ஸ்டெப் போடுவாள். படுக்கையறை பின்பக்கம் இருந்ததைத் தன் நல்ல நடத்தைக்குச் சாட்சியாகவே அவன் வைத்திருந்தான். கெட்டது எதையும் தான் பார்ப்பதில்லை என்பதைத் தினமும் போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டான்.

அந்த ஜன்னலுக்குள்ளும் எல்லாம் தலைகீழ்தான். தரை மேலே, மின்விசிறி கீழே. மேஜையும் நாற்காலியும் பிளஸ்ஸியும் மேலிருந்து தொங்குவார்கள். வியாழக்கிழமையும் பிளஸ்ஸி அப்படித்தான் தொங்கிக்கொண்டு சாப்பிட்டாள். ஆனால் கீழே, மின்விசிறிக்கு அப்பால் மூலையில், வெளிர் நைட்டி போட்ட ஒருத்தி நேராக நின்றாள். அப்படியானால் நிஜத்தில் அவள் கால் ஊன்றி நிற்பது அந்த அறையின் கூரையில். அவள் தலைமுடி தோளில் ஒழுங்காகப் படிந்திருந்தது. எது மேல், எது கீழ் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

கதிரேசன் தொலைநோக்கிக்குத் துணியைப் போர்த்திவிட்டு இறங்கி வந்து, சீரியல் பார்த்துக்கொண்டிருந்த ஜெயஸ்ரீ பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"என்னங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"மேகம்," என்றான். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அசரியாவிடம் கேட்டான். அசரியா அதே ஷிஃப்ட்காரன், இவனுக்கு முன்னாலேயே தொலைநோக்கி செய்தவன், அதனால் வாய் கொஞ்சம் நீளம்.

"மச்சான், மட்டமான ஐபீஸ்ல ஏதாச்சும் ஒண்ணு மட்டும் நேரா தெரியுமா?"

"அன்னிக்கே சொன்னேன். டப்பாவுல மூணு பிளாஸ்டிக் லென்ஸ் வச்சு விக்கிறான், அதை வாங்காத, அந்தக் காசுக்கு உருப்படியா ஒண்ணு வாங்குன்னு. நீ கேட்டியா?"

"தெரியுமா தெரியாதா, அதைச் சொல்லு."

"ஓரம் கலங்கும், கலர் பிரியும், வெளிச்சம் உள்ளுக்குள்ளயே அடிபட்டு இன்னொரு புள்ளியாத் தெரியும். எல்லாம் தலைகீழாத் தெரியும்போது ஒண்ணு மட்டும் எப்படிடா நேராத் தெரியும்? எதைப் பாத்த நீ?"

"நிலா."

"நிலாவுல ஏதுடா தலை, ஏதுடா காலு?" என்று அசரியா சிரித்தான். முன் சீட்டில் இருந்தவர்களும் திரும்பிச் சிரித்தார்கள். கதிரேசன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெருங்களத்தூர் வரும்வரை திரும்பவில்லை.

தப்பு ஐபீஸில்தான் என்று முடிவு கட்டி, நல்லதாகப் பத்து மில்லிமீட்டர் ஒன்றை வரவழைத்தான். முழுக்கக் கண்ணாடி, கையில் வைத்தால் கனம் தெரிந்தது, ஓரம்வரை துல்லியம். அதைச் செருகிய அன்று மாடியில் வேப்பம்பூ வாசனையும் யார் வீட்டிலோ கருவாடு வறுக்கிற வாசனையும் கலந்து வந்தன, ஜிஎஸ்டி ரோட்டில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு போயின, கதிரேசனுக்குத் தன் கண்ணிமை ரப்பர் விளிம்பில் உரசுகிற சத்தம்கூடக் கேட்டது. குமிழைத் திருகினான். மங்கல் குறைந்து குறைந்து, உருவம் இறுகி, பளிச்சென்று நின்றது.

அவள் இருந்தாள். இப்போது மூலையில் இல்லை, மேஜைக்கு நேராக வந்திருந்தாள். உட்கார்ந்திருந்த பிளஸ்ஸியின் உச்சந்தலைக்கும் இவள் உச்சந்தலைக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும். பிளஸ்ஸி தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். இவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். காலி மனை தாண்டி, இருட்டு தாண்டி, குழாய்க்குள், கண்ணாடிக்குள், சரியாக அவன் கண்ணுக்குள் பார்த்தாள். அப்புறம் ஆள்காட்டி விரலை எடுத்து உதட்டின்மேல் வைத்தாள்.

மிரட்டவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. ஒரே தப்பைச் செய்கிற இரண்டு பேர் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிற சைகை அது.

பிளஸ்ஸியிடம் சொல்லிவிடலாம் என்றுதான் அன்று ராத்திரி முழுக்க நினைத்தான். என்னவென்று சொல்வது? உன் வீட்டுக் கூரையில் ஒருத்தி நிற்கிறாள் என்றால், உனக்கு எப்படித் தெரியும் என்பதுதானே அடுத்த கேள்வி. அதற்கு இந்தத் தெருவில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதில் குழுவில் ஏறினால் ஜெயஸ்ரீ எந்த முகத்தோடு பால் வாங்கப் போவாள்?

ஞாயிற்றுக்கிழமை காய்கறிக் கடையில் பிளஸ்ஸியே எதிரில் வந்தாள். கண்ணுக்கடியில் கறுத்திருந்தது. ஜெயஸ்ரீ கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, தெருவுக்கே சனிக்கிரகம் காட்டுறீங்களாமே, எனக்கும் ஒரு நாள் காட்டுங்கண்ணா."

"கண்டிப்பா வாம்மா," என்றாள் ஜெயஸ்ரீ. "என்ன, ரொம்ப வாடிட்டே? டியூட்டி ஜாஸ்தியா?"

"தூக்கமே இல்லக்கா. வீட்ல உக்காந்தா உச்சந்தலைல சில்லுனு காத்து படுது, யாரோ கிட்டத்துல மூச்சு விடற மாதிரி. ஃபேனை நிறுத்தினாலும் படுது." அவள் சிரிக்கப் பார்த்தாள். "அதுக்கும் முன்னாலேர்ந்தே ஒரு மாதிரிதான். யாரோ பாத்துக்கிட்டே இருக்கற மாதிரி. நீங்க என்னண்ணா நினைக்கிறீங்க?"

அவள் உண்மையிலேயே கேட்டாள். பதிலுக்குக் காத்திருந்தாள். கதிரேசன் கொத்தமல்லிக் கட்டு ஒன்றை எடுத்து முகர்ந்தான்.

"ஒரு ஸ்கிரீன் வாங்கிப் போட்டுடுங்கம்மா," என்றான்.

சம்பளம் வந்ததும் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்ன 'அண்ணா' அவன் காதுக்குள் புகுந்த எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டே இருந்தது.

அன்று பொழுது சாய்ந்ததும் மாடிக்குப் போகாமல் தெருவில் இறங்கினான். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவோடுதான் காலி மனையைச் சுற்றிக்கொண்டு போனான். செல்லம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அந்தம்மா கண்ணில் படாமல் அந்தத் தெருவில் நாய்கூடப் போக முடியாது.

"இன்னா சார், நம்ம வூட்டாண்ட? நட்சத்திரம் ஏதாச்சும் வுழுந்துச்சா?"

"இல்லங்க... மாடில அந்தப் பொண்ணு..."

செல்லம்மா பட்டாணி உரிப்பதை நிறுத்தினாள். "மாடில அந்தப் பொண்ணுக்கு இன்னா?"

அப்போது கேட்டது. தலைக்கு மேல், மாடிப் போர்ஷனின் உச்சியில், யாரோ வெறுங்காலோடு நடக்கிற சத்தம். நிதானமாக. ஒரு சுவரிலிருந்து மேஜை இருக்கும் இடம்வரைக்கும். அங்கே நின்றது.

"மொட்டை மாடில யாருங்க?" என்றான்.

"யாரும் இல்லியே, கதவு பூட்டிகீது. சாவி இங்கதான் கீது." இடுப்பைத் தட்டிக் காட்டினாள். அப்புறம் அவனை மேலிருந்து கீழ்வரை ஒரு தரம் பார்த்தாள். "ஆமா, தனியா இருக்கற பொண்ணாண்ட உனக்கு இன்னா பேச்சு, சார்?"

அந்தப் பார்வை ஒன்று போதுமாக இருந்தது. காது மடல்வரை சுட்டது.

"சும்மா... வாக்கிங்," என்றான். திரும்பி நடந்தான். நடந்தவன் பாதி தூரத்தில் ஓடினான். தன் வீட்டுப் படி ஏறி, மாடி ஏறி, துணியை உருவி, கண்ணை வைத்தான்.

வெளிச்சம் இருந்தது. பிளஸ்ஸி நாற்காலியில். தட்டு காலி.

அவளுக்கு நேர்கீழே, நேராக, நைட்டிக்காரி. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. காத்திருந்தாள்.

எதற்கு என்று புரிந்தது. பிளஸ்ஸி எழுந்து நின்றால் இரண்டு தலையும் இடிக்கும்.

கத்த வேண்டும். காலி மனைதானே, கத்தினால் கேட்கும். எழுந்திருக்காதே என்று ஒரே ஒரு கத்தல். வாயைத் திறந்தான். பக்கத்து மாடியில் ஒருவர் காய்ந்த துணி மடித்துக்கொண்டிருந்தார். "என்ன சார், இன்னிக்கு என்ன கிரகம்?" என்றார்.

கதிரேசன் வாயை மூடிக்கொண்டான்.

பிளஸ்ஸி தட்டை எடுத்தாள். நாற்காலியைத் தள்ளினாள். எழுந்தாள்.

உச்சியும் உச்சியும் தொட்டன.

சத்தமில்லை. தட்டு மட்டும் விழுந்தது. மேல்நோக்கி. அவன் பார்வையில் மேல்நோக்கி.

விளக்கு ஒரு தரம் அணைந்து எரிந்தது.

மேலே நாற்காலி தொங்கியது. மேஜை தொங்கியது. வேறு யாரும் தொங்கவில்லை.

கீழே இரண்டு பேர் நின்றார்கள். பக்கத்தில் பக்கத்தில். நைட்டிக்காரி அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், உதவி வாங்கிக்கொண்டவர்கள் ஆட்டுகிற மாதிரி. அடுத்தவளின் முகம் மெல்லத் திரும்பியது. இத்தனை நாளும் அந்தக் குழாய்க்குள் தலைகீழாகவே பார்த்துப் பழகிய முகம் முதல் முறையாக நேராகத் தெரிந்தது. அகன்ற கண். கறுத்த இமை. தோளில் ஒழுங்காகப் படிந்த முடி.

பிளஸ்ஸியின் வாய் அசைந்தது. படிக்க முடிந்தது.

அண்ணா.

கூரையில் ஒரு காலடி எடுத்து வைத்து ஜன்னல் பக்கம் வந்தாள்.

அண்ணா.