பயணம் சொல்லாதவன்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த முபாரக் பீரோவைத் திறந்தான். பாஸ்போர்ட் இல்லை. சவூதி விசாவும் அதில்தான் இருந்தது.

மாலை ஆறு மணிக்குக் கீழ்வேளூரிலிருந்து சென்னைக்குப் பஸ். ஞாயிற்றுக்கிழமை விமானம். அன்றோடு விசாவின் கெடு முடிகிறது. அவனுடைய அத்தா அப்துல் அஜீஸ் தம்மாமில் நெஞ்சு வலியோடு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மகன் வந்து அந்த வேலையில் நின்றால்தான் முதலாளி அவரை ஊருக்கு அனுப்புவான்.

புகாரின் பேரில் மூன்று மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் மங்களாம்பிகை வந்தார். பீரோவின் பூட்டு உடையவில்லை.

"கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"நேத்து சாயங்காலம்," என்றார் முபாரக்கின் அம்மா கமருன்னிஸா. "அப்புறம் படம் பார்க்க ஆளுங்க வந்துட்டாங்க. விரிக்கப் போர்வை எடுத்தேன். சாவி பீரோவுலயே தொங்கிக்கிட்டு இருந்துச்சு. நடுவுல கரண்ட் வேற போச்சு."

படம் முபாரக் கடையில் வாடகைக்கு எடுத்து வந்த வீடியோ கேசட். பழைய கறுப்பு வெள்ளை. வேலை தேடி அலையும் இரண்டு பட்டதாரிகள், ஆணும் பெண்ணும், இண்டர்வியூ வரிசையில் காதலிக்கிறார்கள். கடைசியில் இருவருக்கும் ஒரே ஊரில் வேலை. இந்த 94-இலும் அதைப் பார்த்துத் தெருவே அழுதது.

படம் பார்க்க வந்திருந்தவர்களை மங்களாம்பிகை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

முபாரக்கோடு பி.காம். படித்த குணசேகரன் முதலில் வந்தான்.

"உனக்கு விசா கிடைக்கலையாமே?"

"அதுக்கு? அவன் பாஸ்போர்ட்டுல என் மூஞ்சிய ஒட்டிக்கவா மேடம்? அவன் இன்னிக்குக் கிளம்புறதே எனக்குத் தெரியாது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"படம் எப்படி?"

"அந்தக் காலத்துல படிச்சவனுக்குக் கடைசி ரீல்லயாவது வேலை கிடைச்சிருக்கு."

எதிர்வீட்டு மளிகைக்கடை நெய்னா முகம்மது எரிச்சலாக வந்தார்.

"புதன்கிழமையே பெட்டி கட்டியாச்சுன்னு சொன்னாங்க. என் வீட்டுப் படி ஏறல. நாம என்ன, யாரோதானே."

மூன்றாவது தஹ்மீனா. முபாரக்கின் தாய்மாமன் மகள், பி.ஏ.

"கரண்ட் போனப்ப எங்க இருந்தே?"

"மாமி பக்கத்துல, மச்சானோட அம்மா."

"அவர் போறது உனக்குப் பிடிக்கலையோ?"

"பிடிக்குதான்னு யாரும் கேட்கல."

"முபாரக் கேட்கலையா?"

"மச்சான் எங்க வீட்டுக்கே வரல மேடம்."

மங்களாம்பிகை எழுந்தார். மணி ஐந்து. எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தார்.

"இந்தத் தெருவுல வெளிநாட்டுக்கு, சபருக்குப் போறவங்க என்ன செய்வாங்க?"

"வீடு வீடாப் போய்ப் பயணம் சொல்லுவாங்க," என்றார் கமருன்னிஸா. "தப்பு தவறு இருந்தாப் பொறுத்துக்குங்க, துஆ செய்யுங்கன்னு."

"முபாரக், பெட்டி கட்டுனது புதன்கிழமை. பாஸ்போர்ட் தொலைஞ்சது நேத்து ராத்திரி. நடுவுல யார் வீட்டுக்குப் போனீங்க?"

"நேரம் இல்ல மேடம்."

"மூணு மணி நேரம் படம் பார்க்க இருந்துச்சு. எதிர்வீட்டுக்குப் பத்து அடி நடக்க இல்லையா? தொலையறதுக்கு முன்னாடியே நீங்க போகப்போறதில்லன்னு உங்களுக்குத் தெரியும். கேசட் எடுத்துக் கூட்டம் சேர்த்ததும் நீங்கதான். எல்லாப் பொய்யும் சொன்னீங்க. போகாத பயணத்துக்கு மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரல."

முபாரக் டிவிக்குப் பின்னால் கைவிட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்தான்.

"அத்தா வர வேணாமாடா?" என்று கேட்டார் கமருன்னிஸா.

அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. தஹ்மீனாவைப் பார்த்தான்.

"பேங்க் பரீட்சை ரிசல்ட் வரட்டும்னு பார்த்தேன். ரெண்டு பேரும் சேர்ந்துதானே எழுதினோம். விசா ஒரு தடவ தவறுனா அத்தா வேற வாங்குவாங்கன்னு..."

"ரிசல்ட் போன வாரமே வந்துருச்சு மச்சான்," என்றாள் தஹ்மீனா. "என் நம்பரும் இல்ல. உங்க நம்பரும் இல்ல. மனசு உடையாம நீங்க நல்லபடியா ஏறிப் போகணும்னுதான் சொல்லல."

புகார் எழுதிய தாளை மங்களாம்பிகை கிழித்துப் போட்டார். "பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு."

முபாரக் சட்டையை மாற்றினான். எதிர்வீட்டுக்குப் போனான். நெய்னா முகம்மது அவன் கையைப் பிடித்துத் துஆ செய்தார். குணசேகரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். மற்ற வீடுகளையும் முடித்துவிட்டு, முபாரக் கடைசியாக மீண்டும் கூடத்துக்கு வந்தான்.

"தப்பு தவறு இருந்தாப் பொறுத்துக்க தஹ்மீனா."

பொறுத்துக்கொண்டேன் என்று சொல்லி அனுப்புவதுதான் வழக்கம். தெருவில் இதுவரை யாரும் அதைச் சொல்லாமல் விட்டதில்லை. தஹ்மீனா வீடியோ டெக்கிலிருந்து கேசட்டை வெளியே எடுத்தாள். அவன் கையில் கொடுத்தாள்.

"போற வழியில கடையில குடுத்துருங்க," என்றாள்.